கடிகாரத்தைத் துரத்துகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? நானே சொல்லிவிடுகிறேன்: தூங்கிக்கொண்டிருப்பீர்கள். வாரத்தில் ஆறு நாளும் பால், பள்ளிக்கூடம், ஆபீஸ் டிபன் என்று பம்பரமாகச் சுழன்றவர்களுக்கு ஏழாவது நாள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கப் பாத்தியதை இல்லையா என்ன? நானும் உங்கள் கட்சிதான். அப்படிப்பட்ட நான், சென்ற ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, இங்கிலாந்தில் யார்க்ஷயர் பிரதேசத்துக் கிராம மண்டபம் ஒன்றின் சமையலறையில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத அறுபது பேருக்காகக் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் பெண்ணும் அவளுடைய சைக்கிளுந்தான்.

என் பெண் லீட்ஸ் நகரத்தில் டாக்டராக இருக்கிறாள். நாலு வயதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் டெலிபோனில், "அம்மா, நான் சைக்கிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் போகிறோம்" என்றாள். ஏதோ உடம்புக்கு நல்லது என்று எண்ணி, "எவ்வளவு தூரம் போவீர்கள்?" என்று கேட்டு வைத்தேன்.

"ஐம்பது மைல், அறுபது மைல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"அவர் பார்த்துக்கொள்கிறார்."

"நன்றாயிருக்கிறது! வாரம் பூராவும் ஆஸ்பத்திரி, வாரக் கடைசியில் சைக்கிள். பெற்றவள் என்று ஒருத்தி எதற்கு?" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு அவள் பேச்சை மாற்றி, ஊரில் மாம்பழம் என்ன விலை என்று விசாரித்தாள்.

அந்த மாம்பழக் கேள்வி என் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. கோடையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, நடைவழியில் சுவரோடு சாய்ந்து நின்ற அந்தச் சைக்கிளைத்தான் முதலில் பார்த்தேன். பூனைக்குட்டி மாதிரி ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம் போல இருந்தது. மட்கார்டு இல்லை, காரியர் இல்லை, மணி கூட இல்லை. என் மாமியார் இருந்திருந்தால், "பாதிச் சைக்கிளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்லியிருப்பார்.

லீட்ஸ் கம்பளி ஆலைகளால் வளர்ந்த பெரிய நகரம். அதைத் தாண்டி வடக்கே அரை மணி நேரம் போய்விட்டால் போதும், வேறு உலகம். வார்ஃப் என்று ஒரு நதி மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. நம் கண்ணுக்கு அது நதியில்லை. வாய்க்காலுக்கு அண்ணன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் என்ன தெளிவு! அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். இரு கரையிலும் பச்சைப் புல் சரிவுகள். சுண்ணாம்பும் சாந்தும் இல்லாமல், வெறும் கல்லின்மேல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் அந்தச் சரிவுகளின்மீது கோலக் கோடுகள் போல ஏறி இறங்குகின்றன. கட்டத்துக்குக் கட்டம் ஆடுகள். இந்தப் பள்ளத்தாக்கின் வாசலில் ஓட்லி என்ற சந்தை ஊர் இருக்கிறது. ஊரின் நடுவில் ஒரு மணிக்கூண்டு. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் பெண்ணின் கிளப்பார் கூடுகிற இடம் அதுதான்.

கோடை என்று சொன்னார்களே என்று மெல்லிய புடவையில் போய் நின்றேன். பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளையின் ஸ்வெட்டர் என் தோளுக்கு வந்துவிட்டது. அங்கே நின்றவர்களோ முழங்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டையோடு, "இன்று நல்ல வெயில்!" என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

யார் யார் அங்கத்தினர்கள் என்கிறீர்கள்? பள்ளிக்கூட வாத்தியார், குழாய் ரிப்பேர்க்காரர், பாங்கு உத்தியோகஸ்தர், கல்லூரி மாணவி ஒருத்தி, எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பெரியவர்கள். அந்தப் பெரியவர்களின் கால்களைப் பார்த்தால் எழுபது என்று சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்தால் எண்பது. முன்னால் போகிற தலைவருக்குக் காப்டன் என்று பெயர். இருவர் இருவராக ஜோடி சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை மாதிரி புறப்படுகிறார்கள். பாதையில் குழி வந்தால் முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்திக் காட்டுகிறார். அந்தக் கை பின்னால் ஒவ்வொருவரிடமாக அலை போல் போகிறது. பின்னால் கார் வந்தால் கடைசி ஆள் குரல் கொடுக்கிறார். அந்தக் குரல் முன்னால் போகிறது. யாருக்காவது டயர் பஞ்சரானால் அத்தனை பேரும் நிற்கிறார்கள். மேட்டில் யார் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். ஆனால் உச்சியில் கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். எழுதப்படாத சட்டங்களில் இது முக்கியமானது. நம் கூட்டுக் குடும்பங்களில் இந்த ஒரு சட்டம் இருந்திருந்தால் எத்தனையோ பாகப்பிரிவினைகள் நடந்திரா என்று எனக்குத் தோன்றியது.

மாப்பிள்ளை, பேத்தி, நான் மூவரும் காரில் சாவகாசமாகப் பின்தொடர்ந்தோம். இல்க்லி, ஆடிங்ஹாம், பிறகு போல்டன் ஆபி. நீங்கள் அந்தப் பக்கம் போனால் போல்டன் ஆபியில் இறங்காமல் வராதீர்கள். 12-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவிகள் கட்டிய மடாலயம். எட்டாவது ஹென்றி ராஜா மடங்களையெல்லாம் கலைத்தபோது, 1539-ல், இதையும் மூடிவிட்டார்கள். ஒரு பகுதியில் மட்டும் இன்றும் வழிபாடு நடக்கிறது. மற்றப் பகுதி கூரையில்லாமல், ஜன்னல் வளைவு வழியாக ஆகாயத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் ஆற்றைக் கடக்க வரிசையாகக் கற்கள் போட்டிருக்கிறார்கள். பேத்தி ஐந்தாவது கல் வரை போய், தைரியம் போய், நடு ஆற்றில் நின்று அழுதாள். அவளைத் தூக்கப் போன நான் ஒரு செருப்பை வார்ஃப் நதிக்குத் தட்சிணையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஒற்றைச் செருப்போடுதான் பர்ன்சால் கிராமத்தில் ஐந்து வளைவுப் பாலத்தின் அருகே தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன். கிளப்பார் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டைப் பார்க்க வேண்டுமே! ரொட்டியின் தலையில் பீன்ஸைக் கொட்டி ஒரு தட்டு. அதன் பிறகு திராட்சை போட்ட கேக். அதன் பிறகு ஜாமும் வெண்ணெய்க்கட்டி போன்ற பாலேடும் பூசிய ஸ்கோன். குடம் குடமாகத் தேநீர். சைக்கிள் ஓட்டுவது உடம்பு இளைப்பதற்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பிடுவதற்காகத்தான் ஓட்டுகிறார்கள்.

தொடை தெரிய உட்கார்ந்து சாப்பிடும் பெண்களை அந்தக் கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1878-ல், இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஹாரோகேட் ஊரில், சைக்கிள் பிரயாணிகளின் சங்கம் ஒன்று ஆரம்பமாயிற்று. நல்ல விடுதி எது, நல்ல பாதை எது என்று அங்கத்தினர்களுக்குச் சொல்வது அதன் வேலை. அந்தச் சங்கம் இன்றும் வேறு பெயரில் இருக்கிறது. அதன் அங்கத்தினரான ஹார்பர்டன் சீமாட்டி, 1898-ல், தெற்கே சர்ரே பகுதியில் ஆக்கம் என்ற ஊர் ஹோட்டலுக்கு சைக்கிளில் போய் இறங்கினார். பாவாடை சக்கரத்தில் சிக்கும் என்று தொளதொளவென்ற கால்சட்டை அணிந்திருந்தார். ஹோட்டல்கார அம்மாள், "இந்த உடையில் சாப்பாட்டு அறைக்குள் விடமாட்டேன், வேண்டுமானால் ஆண்கள் குடிக்கிற பக்கத்தில் உட்காருங்கள்" என்றாள். தடுத்தது ஆண் அல்ல, இன்னொரு பெண்தான், கவனித்தீர்களா? சங்கம் வழக்குப் போட்டது. 1899-ல் தீர்ப்பு ஹோட்டல்காரிக்குச் சாதகமாகப் போயிற்று. இதை என் பெண் சொல்லிவிட்டு, ஸ்கோனைக் கடித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேத்தியின் வாயைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

சனிக்கிழமை உலா இவ்வளவு சிநேகமாக நடக்கிறதா? அதே மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒருவரோடு ஒருவர் பேசுவது கூட இல்லை. பந்தயம்!

"நீயும் வாயேன், அம்மா. மண்டபத்தில் கேக் வெட்ட ஆள் வேண்டுமாம்" என்று அவள் கூப்பிட்டாள். வெட்டுவதற்கு மட்டும் போவானேன் என்று, இரவே ஒரு தட்டுத் தேங்காய் பர்பியும் கிளறி எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூன் மாதத்தில் அங்கே காலை நாலரை மணி சுமாருக்கே சூரியன் வந்துவிடுகிறான். ஆனாலும் இவ்வளவு விடியற்காலையில் பந்தயம் ஏன்? பாதையில் வண்டிகள் குறைவு என்பது இன்றைய காரணம். பழைய காரணம் வேறு. அது ஒரு திருட்டுத்தனமான கதை.

1890-களில் அந்த நாட்டுச் சாலைகளில் சைக்கிள் பந்தயம் என்றாலே போலீஸாருக்குப் பிடிக்காது. குதிரைகள் மிரளுகின்றன என்று புகார். 1894-ல் பந்தயக்காரர்கள் சிலர் ஒரு பெண்மணியின் குதிரை வண்டியோடு முட்டிக்கொண்ட பிறகு நிலைமை முற்றிவிட்டது. அந்தப் பந்தயத்தில் இருந்த பிட்லேக் என்பவருக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லோரும் கும்பலாகப் போனால்தானே பந்தயம்? ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்புவோம். தனியாக ஒருவன் சைக்கிளில் போகிறான். அவன் பந்தயத்தில் இருக்கிறானா, பால் வாங்கப் போகிறானா என்று எந்தப் போலீஸ்காரருக்குத் தெரியும்? 1895-ல் அவருடைய வடக்குச் சாலை சைக்கிள் கிளப் 50 மைல் பந்தயத்தை அந்த விதமாக நடத்தியது. அதன் பிறகு பல வருஷங்கள் எல்லாமே ரகசியம். விடியற்காலை, ஊருக்கு வெளியே, கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை, முதுகில் நம்பர் கிடையாது. அங்கத்தினர்களுக்கு வரும் காகிதத்தில் 'அந்தரங்கம்' என்று அச்சிட்டிருக்கும். பாதைக்கு ஊர்ப் பெயர் சொல்லாமல் எழுத்தும் எண்ணுமாகச் சங்கேதம். ரகசியம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. நம்பரும் வந்துவிட்டது, தலைக்கவசமும் விளக்கும் கட்டாயமாகிவிட்டன. ஆனால் அந்தச் சங்கேத எண்கள் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. யார்க்ஷயருக்கு உரிய எழுத்து 'வி'.

மண்டபத்திலிருந்து சிறிது தூரத்தில், சாலை ஓரம், மடக்கு நாற்காலியில் நேரக் கணக்கர் உட்கார்ந்திருந்தார். காலை ஆறு மணிக்கு மேல் நிமிஷத்துக்கு ஒருவர். முதல் நம்பர் 6 மணி 1 நிமிஷத்துக்கு, பதினேழாம் நம்பர் 6 மணி 17 நிமிஷத்துக்கு. நம்பரைப் பார்த்தாலே புறப்படும் நேரம் தெரிந்துவிடும். ஒருவர் பின்னாலிருந்து ஆசனத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஓட்டுகிறவர் இரண்டு காலையும் மிதிகட்டையில் மாட்டிக்கொண்டு, பிறந்த குழந்தை மாதிரி அவர் பிடியில் நிற்கிறார். "ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று!" அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, பாண்டு வாத்தியம் இல்லை. ஒரு முதுகு தூரத்தில் சிறுத்துப் போவதைப் பார்க்கிறோம். அடுத்தவர் வந்து நிற்கிறார்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒதுங்கி ஓட்டுவது குற்றம். உதவி இல்லை, தந்திரம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. கடிகாரம் ஒன்றுதான் எதிராளி. அது நீ ஆணா பெண்ணா, வயது என்ன, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பதில்லை.

என் பெண்ணுக்கு நம்பர் 23. தூரம் 25 மைல். அவளுடைய ஆசை ஒரு மணி 20 நிமிஷத்துக்குள் முடிப்பது. வாயைத் திறந்து சொல்லவில்லை. சைக்கிளின் கைப்பிடியில் ஒட்டியிருந்த சிறு காகிதத்தில் '1.20' என்று எழுதியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். அவள் போன பிறகு மண்டபத்துக்குத் திரும்பினேன். கத்தியை எடுத்தேனே தவிர, கை ஓடவில்லை. வளைவுகளும் லாரிகளுமாகச் சாலை என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

பக்கத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த வெள்ளைத் தலை அம்மாள் இதைக் கவனித்திருக்க வேண்டும். தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். கறுப்பும் வெள்ளையும் ரோஜாவுமாகப் பட்டை பட்டையாய் மிட்டாய்கள். வாயில் போட்டதும் எனக்கு ஒரே ஆச்சரியம். அதிமதுரம்! பாட்டுக்காரர்கள் தொண்டைக்கு ஒதுக்கிக்கொள்வார்களே, நாம் இருமலுக்குக் கஷாயம் வைப்போமே, அதே வேர். யார்க்ஷயரில் பான்டிஃப்ராக்ட் என்ற ஊர் அதற்குப் பேர் போனதாம். மருந்து என்று நாம் முகத்தைச் சுளிப்பதை இவர்கள் சர்க்கரை கூட்டித் தின்பண்டமாக்கிவிட்டார்கள்.

"பெரில் கொடுத்த மிட்டாய் தெரியுமா?" என்று கேட்டார் அந்த அம்மாள். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திராது. அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். என் பெண்ணின் ஒரு மணி 20 நிமிஷத்தை நான் கழித்ததே அந்தக் கதையில்தான்.

பெரில் பர்ட்டன் 1937-ல் லீட்ஸில் பிறந்தவர். பள்ளிக்கூட வயதில் கடுமையான வாதக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியிலும் ஓய்வில்லத்திலுமாக நெடுங்காலம் கிடந்தார். உடம்பை வருத்துகிற எதுவும் கூடாது என்பது டாக்டர்களின் உத்தரவு. வேலைக்குப் போன இடத்தில் சார்லி பர்ட்டன் என்ற இளைஞரின் பழக்கம் ஏற்பட்டது. அவர் சைக்கிள் பைத்தியம். 1955-ல் கல்யாணம், 1956-ல் டெனிஸ் என்று ஒரு பெண் குழந்தை. லீட்ஸுக்குத் தெற்கே மார்லி என்ற ஊரில் குடித்தனம். மார்லி சைக்கிள் கிளப்பில் அங்கத்தினர். ஆரம்பத்தில் சார்லிதான் முன்னால் போவார், பெரில் பின்னால். சில வருஷங்களில் அது தலைகீழாயிற்று. அந்த நல்ல மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய பந்தய ஆசையை மடித்து வைத்துவிட்டு, மனைவியின் சைக்கிளைத் துடைப்பதும், எண்ணெய் போடுவதும், வண்டி ஓட்டிக்கொண்டு போய் வழியில் தண்ணீர்ப் புட்டி நீட்டுவதுமாக ஆகிவிட்டார்.

பெரிலுக்குப் பயிற்சிக்கூடமா, பண உதவியா? ஒன்றும் இல்லை. அந்த வட்டாரத்தில் ருபார்ப் என்று ஒரு செடி பயிராகிறது. சிவந்த தண்டு, வாயில் வைத்தால் புளியைத் தோற்கடிக்கும். சர்க்கரை போட்டு வேக வைத்துச் சாப்பிடுவார்கள். நிம் கார்லைன் என்ற சக கிளப்காரரின் ருபார்ப் தோட்டத்தில் பெரில் கூலி வேலை செய்தார். மண்ணைக் கொத்துவது, பாரம் தூக்குவது. வீட்டுக்கு வந்தால் சமையல், துணி. மிச்சப் பொழுதில் சைக்கிள். இந்தச் சம்பாத்தியத்தில்தான் 7 உலகப் பட்டங்கள் வாங்கினார். இங்கிலாந்தில் நீண்டதூரப் பந்தயங்களின் மொத்தக் கணக்கில் சிறந்த பெண்மணி என்ற பட்டத்தை 1959 முதல் 1983 வரை, விடாமல் 25 வருஷம், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. 25 மைலை ஒரு மணிக்குள் முடித்த முதல் பெண்ணும் அவரே, அது 1963-ல். என் பெண் காகிதத்தில் ஒட்டி வைத்திருந்த நேரத்தை நினைத்துப் பார்த்தேன். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அவருக்கு இல்லை. ஏனென்றால் 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சைக்கிள் பந்தயமே வைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 47.

மிட்டாய்க் கதை 1967-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதி நடந்தது. ஓட்லி சைக்கிள் கிளப் நடத்திய 12 மணி நேரப் பந்தயம். பன்னிரண்டு மணி நேரத்தில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று கணக்கு. ஆண்களில் மைக் மக்னமாரா என்பவர் அன்றைக்கு அபாரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் அதுவரை எந்த ஆணும் போகாத தூரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புறப்பட்ட பெரில், ஒவ்வொரு ஆணாகத் தாண்டி வந்து, கடைசியில் இவர் முதுகையும் பார்த்துவிட்டார். பார்த்தவருக்குச் சந்தோஷத்தைவிடச் சங்கடந்தான் அதிகம் உண்டாயிற்று. பாவம், அந்த மனிதரும் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார். ஒன்றும் சொல்லாமல் எப்படித் தாண்டிப் போவது? சட்டைப் பையில் கையை விட்டார். ஓர் அதிமதுர மிட்டாய் அகப்பட்டது. அதை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். பெரில் மேலே போய்விட்டார்.

மக்னமாரா அன்று போன தூரம் 276.52 மைல், ஆண்களில் புதிய சாதனை. பெரில் போனது 277.25 மைல். இந்தத் தூரத்தை ஓர் ஆண் தாண்ட 1969 வரை ஆயிற்று; ஒரு பெண் தாண்ட 2017 வரை, சரியாக 50 வருஷம், ஆயிற்று.

"மிட்டாய் கொடுத்த கை ஒன்று. கை கொடுக்க மறுத்த கையும் அதுதான்" என்றார் வெள்ளைத் தலை அம்மாள்.

டெனிஸ் வளர்ந்து, தாயைப் போலவே பந்தயக்காரியானாள். 1972-ல் தாயும் மகளும் ஒரே நாட்டுக் குழுவில் உலகப் போட்டிக்குப் போனார்கள். கேட்கவே குளிர்கிறது அல்லவா? 1976-ல் தேசியச் சாலைப் பந்தயம். இது கடிகாரப் பந்தயம் அல்ல. எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு, முதலில் எல்லையைத் தொடுகிறவர் ஜெயிக்கிற பந்தயம். கடைசிப் பாய்ச்சலில் டெனிஸ் அம்மாவை முந்திவிட்டாள். பரிசு மேடையில் பெரில் மகளுக்குக் கை கொடுக்கவில்லை. முன்னால் போய்க் காற்றை முறிக்கிற வேலையை மகள் சரிவரப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை, தன் உழைப்பில் ஜெயித்துவிட்டாள் என்று கோபம்.

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற தாய்! பிறகு, அதே கேள்வியை நான் டெலிபோனில் வேறு விதமாகக் கேட்டது நினைவுக்கு வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாயும் மகளும் பிறகு ராசியாகிவிட்டார்கள். 1982-ல் இரண்டு பேர் மிதிக்கிற ஜோடிச் சைக்கிளில் இருவரும் ஏறி, 10 மைலை 21 நிமிஷம் 25 விநாடியில் கடந்து, தேசியச் சாதனை செய்தார்கள். ஒரே சைக்கிளில் ஏறிவிட்டால் யார் யாரை முந்துவது? 1996-ஆம் வருஷம் மே மாதம், தம்முடைய 59-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விருந்துக்கு அழைப்பிதழ் கொடுக்கச் சைக்கிளில் புறப்பட்ட பெரில், வழியிலேயே மயங்கி விழுந்து காலமானார். மார்லியில் அவர் பெயரால் ஒரு சிறு பூங்கா இருக்கிறது.

இந்த இடத்தில் கதை நின்றது. வாசலில் சலசலப்பு. முதலில் போனவர்கள் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். என் தேங்காய் பர்பி பதினைந்து நிமிஷத்தில் தீர்ந்தது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். எழுபது தாண்டிய பெரியவர்களில் ஒருவர் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டு, இது எந்த ஊர்ச் சீஸ் என்று விசாரித்தார்.

நம்பர் 21 வந்தார். 22 வந்தார். 24-ம் வந்துவிட்டார். எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். மாப்பிள்ளை பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு, "வந்துவிடுவாள், அத்தை" என்று நாலு தடவை சொன்னார். ஐந்தாம் தடவை சொல்வதற்குள் வந்துவிட்டாள். முகமெல்லாம் உப்பு. கால்கள் நடுங்கின. குழந்தை "அம்மா!" என்று தாவியது. அவள் குழந்தையை ஒரு முத்தம் கொடுத்துத் திரும்ப மாப்பிள்ளையிடமே தந்துவிட்டு, நேரே சுவரில் நேரம் எழுதுகிற பலகையிடம் போனாள்.

நம்பர் 23: ஒரு மணி, 20 நிமிஷம், 11 விநாடி.

அவள் திரும்பி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை. "பதினொரு விநாடிதானே, கண்ணு!" என்று சொல்ல வாயெடுத்தேன். வெள்ளைத் தலை அம்மாள் என் முழங்கையை இலேசாகத் தொட்டார். தலையை அசைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பதினொரு விநாடிக்காகத்தான் மனிதர்கள் நாலு மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கோப்பைத் தேநீரும், பொட்டலத்தில் மிச்சமிருந்த அதிமதுர மிட்டாய் ஒன்றும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

தேநீரைக் குடித்தாள். மிட்டாயைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இது கஷாயம் மாதிரி இருக்கும், அம்மா. எனக்கு வேண்டாம்."

"பின்னே, சின்ன வயதில் என்ன பாடுபட்டு உனக்குக் கஷாயம் கொடுத்தேன்!" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிளப்பில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொருவருடைய பழைய நேரங்களையும் பார்த்து, மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு இவ்வளவு நிமிஷம் சலுகை என்று கணக்குப் போட்டு, அதற்குத் தனிப் பரிசு. அன்று அந்தப் பரிசு குழாய் ரிப்பேர்க்காரருக்குப் போயிற்று. என் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. காரில் வரும்போது குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது. அதன் தலையைத் தடவிக்கொண்டே, "திரும்பி வரும்போது பாலத்துக்கிட்டே எதிர்க்காற்று. அங்கேதான் விட்டுவிட்டேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"அடுத்த பந்தயம் எப்போது?" என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "மூன்று வாரம் கழித்து. அதற்குள் நீதான் ஊருக்குப் போய்விடுவாயே!"

உண்மைதான். விமான டிக்கெட் அதற்கு நாலு நாள் முன்னதாகவே வாங்கியாகிவிட்டது. ஆனால் மண்டபத்தில் பர்பி கேட்டிருக்கிறார்கள். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.